மேற்பார்வையாளரே இல்லாத தேர்வு! மாணவர்களை நம்பும் கால்டெக்... அந்த நம்பிக்கை ஏன் முக்கியம்?

இரவு 11 மணி. விடுதி அறையில் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மாணவி உட்காருகிறார். கையில் இயற்பியல் வினாத்தாள். முதல் பக்கத்தில் சில நிபந்தனைகள். நேரம் 4 மணி. புத்தகம் பார்க்கக் கூடாது. நோட்ஸ் பார்க்கக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து, தேர்வு தொடங்கும் நேரத்தை அவரே குறித்துக்கொள்கிறார்.

பாடப்புத்தகம் அதே மேஜையில்தான் இருக்கிறது. லேப்டாப் கைக்கெட்டும் தூரத்தில். கதவு சாத்தியிருக்கிறது. மேற்பார்வையாளர் கிடையாது. கேமரா கிடையாது. நம்மூர் பொதுத்தேர்வில் வருவதுபோல பறக்கும் படையும் கிடையாது.

அதிகாலை 3 மணிக்கு அலாரம் அடிக்கிறது. கடைசிக் கேள்வியில் பாதிதான் முடிந்திருக்கிறது. இன்னும் பத்து நிமிடம் எழுதினால் முழு விடையும் வந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் விடைத்தாளின் குறுக்கே ஒரு கோடு போடுகிறார். ‘இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது நேரம் முடிந்த பிறகு எழுதியது’ என்று பேராசிரியருக்குச் சொல்லும் கோடு அது.

கேட்க ஆச்சர்யமாக இருக்கிறதா? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே, பாசடீனா நகரில் இருக்கும் கால்டெக் மாணவர்களுக்கு இப்படித் தேர்வு எழுதுவது வெகு சாதாரணம். ‘கலிஃபோர்னியா இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி’ என்பதன் சுருக்கம்தான் கால்டெக். உலகின் முன்னணித் தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. வினாத்தாளை மாணவர் கையில் கொடுத்து அறைக்கு அனுப்பிவிடும் அளவுக்கு அங்கே நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

ஒரே ஒரு வாக்கியம்தான் சட்டம்

கால்டெக்கில் ‘ஹானர் கோட்’ என்ற நேர்மை விதி இருக்கிறது. பக்கம் பக்கமாக எழுதிய விதிப் புத்தகம் இல்லை. அதன் சாரம் ஒரே வாக்கியம்தான்: கால்டெக் சமூகத்தைச் சேர்ந்த யாரும், அதே சமூகத்தைச் சேர்ந்த இன்னொருவரிடமிருந்து முறையற்ற ஆதாயம் அடையக் கூடாது.

‘காப்பி அடிக்காதே’ என்று அதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் காப்பி அடித்தால், நேர்மையாக எழுதிய பக்கத்து அறை மாணவரைவிட நீங்கள் முறையில்லாமல் முந்திக்கொள்கிறீர்கள். அங்கேயே விதி உடைந்துவிடுகிறது. பரிசோதனைக்கூடத்தில் அடுத்தவர் வைத்திருக்கும் கருவியைச் சொல்லாமல் எடுத்தாலும் இதே விதி பொருந்தும். விடுதிச் சமையலறையில் இன்னொருவரின் சாப்பாட்டை எடுத்தாலும் பொருந்தும்.

இந்த விதியை நம்பித்தான் பல பாடங்களின் தேர்வுகள் மாணவர் கையிலேயே கொடுக்கப்படுகின்றன. எந்த நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். அதற்குள் எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து எழுதுவது என்பது மாணவர் விருப்பம். நூலகமோ, மரத்தடியோ, படுக்கையோ, எங்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

சின்னப் பல்கலைக்கழகம், பெரிய பாடச்சுமை

1891-ல் ஏமஸ் த்ரூப் என்பவர் தொடங்கிய உள்ளூர்க் கல்வி நிலையம்தான் 1920-ல் கால்டெக் என்ற பெயரைப் பெற்றது. இன்றும் அது அளவில் சிறியதுதான். இளநிலை மாணவர்கள் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தே சுமார் 1,000 பேர். நம்மூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியிலேயே இதைவிட அதிகம் பேர் படிப்பார்கள்! பேராசிரியர்கள் சுமார் 300 பேர். அதாவது மூன்று மாணவருக்கு ஒரு பேராசிரியர்.

ஒருவருக்கொருவர் முகம் தெரிந்த இடம் என்பதால் நம்பிக்கை வளர்வது சுலபம். அதே காரணத்தால், நம்பிக்கையை உடைத்தால் முகத்தில் முழிப்பது கஷ்டம்.

ஆனால் படிப்பு சுலபமில்லை. ஆண்டுக்கு மூன்று பருவங்கள். ஒவ்வொன்றும் சுமார் பத்து வாரம். கணினி அறிவியல் படிக்க வந்தவரும் உயிரியல் படிக்க வந்தவரும், கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று எல்லா அடிப்படைப் பாடங்களையும் படித்தாக வேண்டும். ‘கோர்’ என்று இதற்குப் பெயர். இலக்கியம், வரலாறு, தத்துவம், பொருளாதாரம் போன்ற மானுடவியல், சமூக அறிவியல் பாடங்களும் கட்டாயம். ‘நான் இன்ஜினீயர், எனக்கு எதற்குக் கட்டுரை?’ என்று அங்கே தப்பிக்க முடியாது.

சுமையைக் கணக்கிடும் முறையும் சுவாரஸ்யமானது. ஒரு ‘யூனிட்’ என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர உழைப்பு. ஒரு பாடம் பொதுவாக 9 யூனிட். வகுப்பறையில் 3 மணி நேரம் என்றால், தானாக உட்கார்ந்து படிப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் 6 மணி நேரம். அந்த ஆறையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் சுமார் 45 யூனிட் எடுப்பது வழக்கம். பட்டம் வாங்க நான்கு ஆண்டில் மொத்தம் 486 யூனிட் தேவை.

உள்ளே வரும் பலரும் தங்கள் பள்ளியில் முதல் மாணவராகவோ, அதற்கு அடுத்தவராகவோ இருந்தவர்கள். இங்கே வந்ததும் வகுப்பில் பாதிப் பேர் சராசரிக்குக் கீழே போவது தவிர்க்க முடியாத கணக்கு. அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்காகவே முதல் இரண்டு பருவங்களுக்கு மதிப்பெண் கிடையாது. ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ மட்டும்தான். விழுந்து எழப் பழகும் காலம் அது.

சேர்ந்து யோசி... தனியாக எழுது!

இவ்வளவு சுமையைத் தனி ஆளாகச் சுமப்பது கடினம். அதனால் வாராந்திர வீட்டுக் கணக்குகளைப் பல பாடங்களில் நண்பர்களோடு சேர்ந்து விவாதிக்க அனுமதி உண்டு. நள்ளிரவில் நான்கைந்து பேர் வெள்ளைப்பலகை முன்னால் நின்று ஒரே சமன்பாட்டோடு மல்லுக்கட்டுவது அங்கே அன்றாடக் காட்சி.

ஆனால் ஒரு நிபந்தனை. விவாதித்து முடித்த பிறகு விடையை ஒவ்வொருவரும் தங்கள் சொந்தப் புரிதலில் எழுத வேண்டும். நண்பரின் தாளைப் பார்த்து எழுதினால் அது உதவி இல்லை, ஆதாயம். உதவிக்கும் ஆதாயத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய கோட்டை, பதினெட்டு வயதில் ஒவ்வொரு வாரமும் தானே வரைந்து பழகுகிறார் மாணவர்.

தப்பு நடந்தால்?

எல்லோரும் உத்தமர்கள் என்று யாரும் சொல்லவில்லை. விதியை மீறுகிறவர்கள் அங்கும் உண்டு. இளநிலை மாணவர்கள் படிப்பில் விதியை மீறியதாகப் புகார் வந்தால், அதை விசாரிப்பது ‘போர்டு ஆஃப் கன்ட்ரோல்’ என்ற குழு. அதில் இருப்பவர்கள் மாணவர்களே!

விசாரணையின் முதல் கேள்வி ‘என்ன தண்டனை கொடுக்கலாம்?’ என்பதில்லை. முறையில்லாமல் கிடைத்த ஆதாயத்தை எப்படி இல்லாமல் ஆக்குவது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஒரு கேள்வியில் தவறு நடந்திருந்தால் அந்தக் கேள்விக்கான மதிப்பெண் கழியலாம். விவகாரம் பெரிதாக இருந்தால் நடவடிக்கையும் பெரிதாகும். அடுத்த கேள்வி, இது மறுபடி நடக்காமல் சமூகத்தை எப்படிப் பாதுகாப்பது என்பது. சக வயதுக்காரர் ஒருவரின் முகத்தைப் பார்த்து இந்தக் கேள்விகளைக் கேட்பது, குழுவில் இருக்கும் மாணவர்களுக்கும் ஒரு பாடம்தான்.

பூசணிக்காய், பீரங்கி, 310 தோல்விகள்

படிப்பு படிப்பு என்று உம்மென்றுதான் இருப்பார்களா என்றால், கிடையாது. கால்டெக்கின் குறும்புகள் உலகப் பிரசித்தம்.

மாணவர்கள் ‘ஹவுஸ்’ எனப்படும் இல்லங்களில் வசிக்கிறார்கள். பிளாக்கர், டாப்னி, ஃபிளெமிங், ரிக்கெட்ஸ் என்ற பழைய நான்கு இல்லங்கள் 1931-ல் திறக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம், தனிப் பழக்கவழக்கம். இறுதித் தேர்வு வாரத்தில் தினமும் காலை 7 மணிக்கு, ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ‘ரைடு ஆஃப் த வால்கெய்ரீஸ்’ இசை முழுச் சத்தத்தில் அலறும். விடிய விடிய எழுதிவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்தவர்களின் கதி அதோகதி.

ஹாலோவீன் இரவில் டாப்னி இல்லத்து மாணவர்கள், திரவ நைட்ரஜனில் உறையவைத்த பூசணிக்காய்களை ஒன்பது மாடி நூலகக் கட்டடத்தின் உச்சியிலிருந்து போடுவார்கள். உறைந்த பூசணி நொறுங்கும்போது ஒளிப்பொறி தெரிகிறதா என்று பார்ப்பதுதான் ‘ஆராய்ச்சி’.

1961-ல் நடந்த ரோஸ் பவுல் கால்பந்துப் போட்டியில் வாஷிங்டன் அணியின் ரசிகர்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து எழுத்துகள் காட்டவிருந்தார்கள். கால்டெக் மாணவர்கள் முன்கூட்டியே குறிப்புத்தாள்களை ரகசியமாக மாற்றிவிட்டார்கள். தொலைக்காட்சி நேரலையில், போட்டிக்குச் சம்பந்தமே இல்லாத ‘கால்டெக்’ என்ற பெயர் மைதானத்தில் விரிந்தது! 2006-ல் பதிலுக்கு ஒரு அடி விழுந்தது. எம்.ஐ.டி மாணவர்கள் வீடு மாற்றித் தரும் கம்பெனி ஆட்கள் போல வந்து, ஃபிளெமிங் இல்லத்தின் பழைய பீரங்கியை நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கால்டெக் மாணவர்கள் நேரில் போய் மீட்டு வந்தார்கள்.

விளையாட்டில் கதை வேறு. கால்டெக் ஆண்கள் கூடைப்பந்து அணி தங்கள் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்களில் தோற்றது. ஆமாம், 310! சுமார் 26 ஆண்டுகள். 2011 பிப்ரவரியில் ஆக்ஸிடென்டல் கல்லூரியை 46-45 என்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றபோது வளாகமே கொண்டாடியது. படிப்பில் தளர்வு கொடுத்து நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்த்திருந்தால் வெற்றி முன்னாடியே வந்திருக்கலாம். அந்தக் குறுக்குவழியில் அவர்கள் போகவில்லை.

நோட்டுப்புத்தகத்தை யார் பார்க்கிறார்கள்?

சரி, தேர்வில் மேற்பார்வையாளர் இருந்தால்தான் என்ன குறைந்துவிடும்? விடை, பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறது.

கால்டெக் ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். 1979 முதல் ‘சர்ஃப்’ என்ற கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம் நடக்கிறது. இளநிலை மாணவர்களே பத்து வாரம் பேராசிரியரோடு ஆராய்ச்சியில் இறங்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கருவியின் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் மாணவர், திரையில் தெரிந்த எண்ணை நோட்டில் எழுதுகிறார். அவர் எழுதியது உண்மையான ரீடிங்தானா? ‘இப்படி வந்தால் நன்றாக இருக்குமே’ என்று திருத்திய எண்ணா? அங்கே எந்தப் பறக்கும் படையும் வராது. ரெக்கார்டு நோட்டில் விடை ‘சரியாக’ வருவதற்காக ரீடிங்கை லேசாகத் திருத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை புரியும்.

கால்டெக்கில் பாடம் நடத்திய புகழ்பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், 1974 பட்டமளிப்பு விழாவில் மாணவர்களிடம் இதைத்தான் பேசினார். விஞ்ஞானி முதலில் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். மிகச் சுலபமாக ஏமாறக்கூடிய ஆள் நாமேதான் என்பது அவர் கருத்து.

இதற்கு அசத்தலான உதாரணம், கால்டெக்கும் எம்.ஐ.டி-யும் சேர்ந்து உருவாக்கிய லைகோ. விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் ஆய்வகம் அது. 2010 செப்டம்பரில் கருவிகளில் ஓர் அருமையான சிக்னல் பதிவானது. நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் மாதக்கணக்கில் அதை அலசி, ஆய்வுக்கட்டுரையையே தயார் செய்துவிட்டார்கள். 2011 மார்ச்சில் ‘கவரைத் திறக்கும்’ கூட்டம் நடந்தது. அப்போதுதான் உண்மை வெளியானது. அந்த சிக்னல் பொய்! குழு எவ்வளவு கவனமாகச் சோதிக்கிறது என்று பார்க்க, பொறுப்பில் இருந்த சிலரே ரகசியமாகக் கருவிக்குள் செலுத்தியது. தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட தேர்வு.

2015 செப்டம்பர் 14 அன்று நிஜ ஈர்ப்பு அலை வந்தது. உடனே தம்பட்டம் அடிக்கவில்லை. சரிபார்த்து, மறுபடி சரிபார்த்து, 2016 பிப்ரவரியில்தான் அறிவித்தார்கள். 2017 இயற்பியல் நோபல் பரிசு கால்டெக்கின் கிப் தார்ன், பேரி பேரிஷ், எம்.ஐ.டி-யின் ரெய்னர் வைஸ் ஆகியோருக்குக் கிடைத்தது.

தவறு நேர்ந்தபோது அதை ஒப்புக்கொண்டவரும் உண்டு. கால்டெக் பேராசிரியர் ஃபிரான்சஸ் ஆர்னால்டு, 2018-ல் வேதியியல் நோபல் பெற்றவர். அந்தப் பரிசை வென்ற முதல் அமெரிக்கப் பெண். அவரது குழு 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை, மறுபடி செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. ஆய்வக நோட்டில் இருக்க வேண்டிய சில பதிவுகளும் இல்லை என்று தெரியவந்தது. 2020 ஜனவரி தொடக்கத்தில் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ட்விட்டரில் தானே அதை அறிவித்து மன்னிப்பும் கேட்டார். வேலைப் பளுவில் தன் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். நோபல் வாங்கி பதினைந்து மாதம்கூட ஆகவில்லை. அதிகாலை 3 மணிக்கு அந்த மாணவி போட்ட கோட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது, இல்லையா?

ஸ்ரீஹரிகோட்டா வரை...

கால்டெக்கில் படித்த ஒருவரின் பெயர் நமக்கு ரொம்பவே பரிச்சயம். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர், சதீஷ் தவான். பேராசிரியர் ஹான்ஸ் லீப்மன் வழிகாட்டுதலில் 1951-ல் அங்கே முனைவர் பட்டம் பெற்றவர். 1971-ன் கடைசியில் விக்ரம் சாராபாய் காலமானபோது, தவான் மறுபடியும் கால்டெக்கில்தான் இருந்தார். இஸ்ரோவின் பொறுப்பை ஏற்கும்படி அங்கேதான் அவருக்கு அழைப்பு போனது.

1979 ஆகஸ்ட் 10. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் தோல்வியடைந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் போய் நின்று தோல்விக்குப் பொறுப்பேற்றவர் தலைவர் தவான். 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றி பெற்றபோது, பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பிவைத்தார். கலாம் இதைப் பல மேடைகளில் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். தன் குழுவினரின் வெற்றியிலிருந்து ஆதாயம் எடுத்துக்கொள்ளாத தலைவர்!

நம்பிக்கைக்கு வந்திருக்கும் சோதனை

இந்த முறை எல்லா இடத்திலும் தாக்குப்பிடிக்குமா? அதே கலிஃபோர்னியாவில் இருக்கும் இன்னொரு தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஸ்டான்ஃபோர்டு. 1921 முதல் அங்கேயும் நேர்மை விதி உண்டு. தேர்வு அறையில் ஆசிரியர் நின்று கண்காணிக்கக் கூடாது என்பது நூறாண்டு மரபு. 2023-ல், கடும் விவாதத்துக்குப் பிறகு, சோதனை முயற்சியாக மேற்பார்வையைக் கொண்டுவர அங்கே முடிவானது.

கேள்வியைக் கொடுத்தால் நொடியில் விடை எழுதித் தரும் ஏ.ஐ கருவிகள் இப்போது ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றன. முன்பு காப்பி அடிக்கப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். நண்பரை எழுப்ப வேண்டும். இப்போது ஒரு தட்டு போதும். மூடிய அறையில் எழுதும் தேர்வுக்கு இதைவிடப் பெரிய சோதனை வந்ததில்லை.

கால்டெக்கில் படிப்பது எல்லோருக்கும் எட்டும் விஷயமும் இல்லை. கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டும். உதவித்தொகை உண்டு, அது மதிப்பெண்ணைப் பார்த்து அல்ல, குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்துத் தரப்படுகிறது. 1970 வரை இளநிலைப் படிப்பில் பெண்களையே சேர்க்காத நிறுவனம் அது. 2024-ல்தான் புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்ற நிலை முதல்முறையாக வந்தது. குறைகள் அங்கும் இருந்தன, இருக்கின்றன.

ஆனால் அந்தத் தேர்வு முறை எழுப்பும் கேள்விக்கு டாலர் தேவையில்லை. மேற்பார்வையாளர் பார்க்கிறார் என்பதற்காக நேர்மையாக இருந்த பிள்ளை, நாளை மருந்தைச் சோதிக்கும் ஆய்வகத்திலோ, பாலம் கட்டும் இடத்திலோ தனியாக நிற்கும்போது என்ன செய்யும்?

அதிகாலை 3 மணிக்குக் கோடு போட்ட மாணவிக்குக் கடைசிக் கேள்வியில் சில மதிப்பெண்கள் குறையலாம். ஆனால் அவர் நாளை நோட்டில் எழுதும் எண்ணை உலகம் நம்பலாம்.